கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் புந்தோங்கில் தங்கப் போகிறீர்களா?

டிசம்பர் 20 தாண்டிவிட்டால் ஈப்போவின் புந்தோங் பகுதிக் கிறிஸ்துவ வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்நாட்டிலிருந்து தோழியோ தூரத்து உறவோ வந்து தங்குவார்கள். வருகிறவருக்கும் வீட்டாருக்குமாகச் சில குறிப்புகள்.

1. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பண்டிகை வாரத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுக்கும்போதே இதையும் எடுத்துவிடுங்கள். இங்குள்ள பிளக்கில் மூன்று செவ்வக முனைகள் இருக்கும், அதற்கேற்ற அடாப்டர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

2. அன்பளிப்பாகச் சேலையும் அல்வாவும் சுமந்து வர வேண்டாம், ஈப்போ லிட்டில் இந்தியாவிலேயே இரண்டும் கிடைக்கும். நீளக் கைப்பிடி வைத்த பித்தளை அச்சு முறுக்கு அச்சு ஒன்று கொண்டு வந்தால் வீட்டுக்காரம்மா வருடா வருடம் உங்களை நினைப்பார். செடி, விதை, இறைச்சி எதுவும் பெட்டியில் வேண்டாம், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

3. புது அச்சை அப்படியே மாவில் விடாதீர்கள். ஓர் இரவு அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, மறுநாள் சூடான எண்ணெயில் கொஞ்ச நேரம் கிடக்க விடுங்கள். பழகிய பிறகு சோப்புப் போட்டுத் தேய்க்காமல் துணியால் துடைத்து வைத்தால் போதும்.

4. அச்சு முறுக்குக்கு: பச்சரிசி மாவு 2 கப், சீனி முக்கால் கப், முட்டை 2, கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப், எள் ஒரு ஸ்பூன். மாவு தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும், கட்டியில்லாமல் வடிகட்டிய பிறகே எள்ளைச் சேருங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும். மாவு அச்சில் பிடிக்காமல் வழிந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், முக்கியெடுத்ததும் சுரீர் என்று வெந்து போனால் சூடு அதிகம். மேல் விளிம்பு வரை மட்டும் முக்குங்கள். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் பூ கழன்று விழாது. இது இரண்டு பேர் வேலை: ஒருவர் முக்க, ஒருவர் குச்சியால் தள்ளிவிட வேண்டும். விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைவிட அந்தக் குச்சியைக் கையில் எடுப்பது மேல். ஊர்க் கதையெல்லாம் அடுப்படியில்தான் வெளிவரும்!

5. முட்டை சேராத முறுக்கு, ஓமப்பொடி, நெய்யுருண்டைக்கான பயறு வறுத்தல் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு அச்சு முறுக்குக்கு வாருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் அண்டை வீட்டாருக்கு அனுப்பும் தட்டில் முட்டைப் பலகாரம் கலக்கக் கூடாது. அவர்கள் தட்டு தனி, அதற்கு எண்ணெயும் தனி.

6. மலாய் நண்பர்கள் வருவார்கள் என்றால் மார்ஜரின், ஜெல்லி எல்லாம் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். ரம் ஊற்றிய பழக் கேக்கை மேசையில் வைக்காமல் உள்ளே வைத்துவிட்டு, வெண்ணெய்க் கேக்கை முன்னால் வைக்கலாம். பலகாரத் தட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் காலியாகத் திருப்பாதீர்கள், ஒரு கைப்பிடி சீனியாவது போட்டு அனுப்புங்கள்.

7. காலையில் வெயிலுக்கு முன் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை நொறுக்குத் தீனி) கம்பத்துக்கு நடந்து போய் வரலாம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. தலையில் சுமந்தும் சைக்கிளில் வைத்தும் விற்றவர்களின் பிள்ளைகள் இன்று கடை வைத்திருக்கிறார்கள். எடை போட்டுத்தான் தருவார்கள். வாயில் ஒன்று போட்டுப் பார்த்து வாங்குவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஊருக்கு எடுத்துப் போக வேண்டியதைக் கடைசி நாளில் வாங்குங்கள்.

8. ஈப்போவின் ஈரக் காற்றில் முறுக்கு ஒரே நாளில் நமத்துவிடும். நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடுக்கி, அடியில் காகிதம் விரித்து மூடுங்கள். நமத்துப் போனதை ஓவனில் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு வரும்.

9. மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணியைக் காலையில் காயப்போட்டு, சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிடுங்கள். கொல்லையில் வாளி, பூந்தொட்டித் தட்டு எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது, டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

10. தம்பூன் பம்ப்ளிமாஸ் வாங்கும்போது பெரிதாக இருப்பதைப் பார்க்காமல் கையில் கனப்பதைப் பாருங்கள். எண்ணெய்ப் பலகாரம் தின்று திகட்டிய வாய்க்கு இரண்டு சுளை போதும்.

11. இரவில் கேரல் பாட வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வருவது அபூர்வம். நாயை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு நேரமிருக்காது, பலகாரத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிவைத்தால் அடுத்த வீட்டுக்குப் போகிற வழியில் கொறித்துக்கொள்வார்கள்.

12. சிலிபின் லூர்து மாதா கோயிலுக்கு 24ஆம் தேதி இரவுப் பூசைக்குப் போகிறவர்கள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள், கார் நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடு. அன்று மாலை வீட்டுக்காரம்மாவை ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லிவிட்டு, பாத்திரத்தை விருந்தாளி கழுவட்டும்.