திரையைப் படித்துக் காட்டும் குரல்

கேள்வி: பார்வையற்ற மாணவி ஒருவர் காசு செலவில்லாமல் கணினியில் தமிழ் படிக்க முடியுமா?
– வாசகர், கிளியனூர்

பதில்: தாராளமாக முடியும். விண்டோஸுக்கு என்விடிஏ இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன் 2006இல் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பான் அது. கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். குரலில் இயந்திர வாடை உண்டு, காது பழகிவிடும்.

உபுண்டு லினக்ஸில் ஓர்கா. விண்டோஸ் விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும்.

சிக்கல் வேறிடத்தில். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' இந்தக் கருவிகளுக்கு எம், கே, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான். ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம். எழுத்துணரி மென்பொருளில் போட்டு எழுத்தாக்கினால்தான் வாசிக்கும். பள்ளியில் பாடக்குறிப்புகளை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். அது அந்த மாணவியின் உரிமை.