தாவரப் புரதப் பொடிகள்: சுவையும் பாதுகாப்பும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"முதன்மையானது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது "புரோட்டீன்" என்னும் பெயர். இதனை 1838ஆம் ஆண்டில் முல்டர் என்ற டச்சு வேதியியல் அறிஞர் வெளியிட்டார். நாம் புரதம் என்று வழங்குவது இதுவே. தசை, தோல், முடி, குருதி ஆகிய அனைத்தும் உருவாகப் புரதம் வேண்டும். வளரும் பருவத்தினராகிய நமக்கு அது மிகவும் வேண்டும். ஆகவேதான் பெற்றோர் பலர் இன்று தாவரப் புரதப் பொடிகளை அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். எங்கள் பள்ளிப் பந்தாட்ட அணியிலும் மூத்த மாணவியர் சிலர் இதைக் கலக்கிக் குடிக்கின்றனர். "செடியில் விளைந்ததுதானே, இதில் தீங்கு என்ன இருக்கப் போகிறது?" என்பது அவர்கள் கேள்வி. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொடி உருவாகும் விதம்

இப்பொடிகள் பெரும்பாலும் மஞ்சள் பட்டாணி, சோயா, அரிசி ஆகியவற்றிலிருந்து செய்யப்படுகின்றன. பட்டாணியை எடுத்துக்கொள்வோம். அதை மாவாக்கி, சிறிது காரம் சேர்த்த நீரில் கலக்குவர். புரதம் கரைந்துவிடும், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பிரிக்கப்படும். பின்னர் அமிலம் சேர்த்தால், எலுமிச்சைச் சாறு விட்ட பால் திரிவது போலப் புரதம் திரிந்து அடியில் தங்கும். அதை எடுத்து வெப்பக் காற்றில் உலர்த்தினால் பொடி ஆயத்தம். 100 கிராம் பட்டாணியில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. இவ்வாறு பிரித்தெடுத்த பொடியிலோ சுமார் 80 கிராம் இருக்கும்.

சுவை

இப்பொடியைத் தனி நீரில் கலக்கிக் குடித்தால் பச்சைப் பயறு வாடை அடிக்கும். பயறு அரைபடும்போது லிப்பாக்சிஜினேஸ் என்னும் நொதி அதிலுள்ள கொழுப்பைத் தாக்குகிறது. அதனால் ஹெக்சனல் போன்ற வாடைப் பொருள்கள் தோன்றுகின்றன. நாக்கில் தங்கும் கசப்புக்குச் சப்போனின்கள் ஒரு காரணம். அரிசிப் புரதம் சுண்ணப்பொடி போல் நறநறக்கும். இக்குறைகளை மறைக்கவே சாக்லேட் மணமும் இனிப்புகளும் சேர்க்கின்றனர்.

வெப்பம் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும். நம் தாய்மார் பயறுகளை வறுத்த பின்பே சத்துமாவுக்கு அரைப்பது எவ்வளவு பொருத்தம்! வறுத்து அரைத்த மாவையும் வறுக்காது அரைத்த மாவையும் முகர்ந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். வெப்பத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்த சோயாவை உண்ட எலிகளே நன்கு வளர்ந்தன என்று ஆஸ்போர்ன், மெண்டல் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1917ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

நாவுக்குத் தெரியாதவை

ஆனால் எல்லாத் தீங்கும் வாடையாலும் கசப்பாலும் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. வெப்பத்துக்கு அழிவதுமில்லை. இதற்குச் சான்றுகள் உள்ளன.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சுமார் ஒரு இலட்சம் வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்குத் தீனியாக இட்ட நிலக்கடலை மாவில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் பிடித்திருந்தது. அது சுரந்த அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே காரணம். இந்நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டில் முற்றும் அழியாது.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்திலும் அரிசிப் புரதத்திலும் மெலமின் கலந்திருந்தது. ஏன் கலந்தனர்? புரதத்தை அளக்கும் வழக்கமான முறை, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவதாகும். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆகவே புரதம் குறைவாக இருந்தாலும் கணக்கில் மிகுதியாகத் தோன்றும்.

மூன்றாவது, மண்ணிலுள்ள உலோகங்கள். காரீயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவற்றைச் செடிகள் வேர் வழியே உறிஞ்சுகின்றன. 2025ஆம் ஆண்டில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 23 புரதப் பொருள்களைச் சோதித்தது. தாவரப் பொருள்களில் காரீயம், பால் புரதப் பொருள்களில் இருந்ததைப் போலச் சராசரியாக ஒன்பது மடங்கு இருந்தது. நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பொருள்களைப் பற்றிய ஆய்வு 2024ஆம் ஆண்டில் "மெடிசின்" என்ற இதழில் வெளியாயிற்று. அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டில், டப்பாவில் அச்சிட்ட புரத அளவு உண்மையோடு பொருந்தவில்லை.

மதிப்பிடுவது எப்படி?

1. முதலில் தனி நீரில் கலக்கிச் சுவைக்க வேண்டும். எண்ணெய்ச் சிக்கு வாடையோ பூஞ்சண வாடையோ இருந்தால் தள்ளிவிட வேண்டும். வாடை இல்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது.

2. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், தேதி ஆகியவை டப்பாவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

3. உலோகங்களுக்கான சோதனை அறிக்கையை, அதுவும் வேறோர் ஆய்வுக்கூடம் தந்த அறிக்கையை, வெளியிடும் நிறுவனமா என்று கேட்டறிய வேண்டும்.

4. சோயா, நிலக்கடலை ஒவ்வாதவர்கள் சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் தொடக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் பருகக் கூடாது.

நமக்குத் தேவையா?

13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 43 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. கணக்கிட்டுப் பார்ப்போம். அரிசி 200 கிராமில் 15, துவரம்பருப்பு 60 கிராமில் 13, பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டரில் 9, ஒரு பிடி நிலக்கடலையில் 6. ஆகக் கூடுதல் 43! அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. சாம்பார் சாதத்தில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. உடற்கட்டுக்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

உணவு உட்கொள்ள இயலாத நோயாளிக்கும் முதியவருக்கும் மருத்துவர் சொற்படி இப்பொடி உதவலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பந்தாட்டத் திடலில் ஓடும் தோழியர், பொடி வாங்கும் பணத்தில் பருப்பும் கடலையும் முட்டையும் வாங்கி உண்ணலாம். கடலையில் பூஞ்சணம் பிடித்தவற்றையும் சுருங்கியவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு உண்ண மறவாதீர்கள். "தாவரம்" என்ற சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்லும். அது தூயதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.