தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு பர்சனல் லோன் போடப் போறீங்களா? சிறுபான்மையினர் குடும்பங்கள் முதல்ல பார்க்க வேண்டியது

நீங்க வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டா. ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி நெருங்குது, அப்பா உங்க முகத்தைப் பார்க்கிறார். சம்பளம் வர்ற பேங்கிலிருந்து "2 லட்சம் லோன் ரெடி"ன்னு மெசேஜும் வந்திருக்கும். அந்த பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

மத்திய அரசு சிறுபான்மையினர்னு அறிவிச்சிருக்கிறது 6 சமூகங்களை: முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி. இவங்களுக்கான உதவித்தொகைன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது தேசிய கல்வி உதவித்தொகை தளமான என்எஸ்பி-யில இருக்கிற ரெண்டு திட்டங்கள். ஒண்ணு போஸ்ட் மெட்ரிக், வருமான வரம்பு வருஷத்துக்கு 2 லட்சம். இன்னொண்ணு தொழிற்படிப்புகளுக்கான மெரிட் கம் மீன்ஸ், வரம்பு 2.5 லட்சம். இதுல ஃபீஸுக்கு வருஷம் 20,000 ரூபாய் வரை, ஹாஸ்டல்ல இருந்தா கூடுதலா 10,000, வீட்டிலிருந்து போனா 5,000.

ஆனா சமீப வருஷங்கள்ல இந்தத் திட்டங்கள் சீரா நடக்கலை. 2023-ல 1,572 கல்வி நிறுவனங்களை ஆய்வு செஞ்சப்போ 830 நிறுவனங்கள் போலி அல்லது செயல்படாதவைன்னு தெரிஞ்சு விஷயம் சிபிஐ வரை போச்சு. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பையும் 2022-ல நிறுத்திட்டாங்க. அதனால என் கருத்து இதுதான்: இந்த வருஷம் விண்ணப்பம் திறந்திருந்தா போடுங்க, ஆனா ஃபீஸ் கணக்குல அந்தப் பணத்தைச் சேர்க்காதீங்க.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. உங்க சம்பளமும் உங்க டிகிரியும் தங்கச்சியோட சில கதவுகளை ஏற்கனவே மூடியிருக்கும்.

முதல் பட்டதாரி சலுகையைப் பாருங்க. தமிழ்நாட்டுல கவுன்சிலிங் மூலமா தொழிற்படிப்புல சேர்றவங்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. மதம், ஜாதி, வருமானம் எதுவும் தடையில்லை. ஆனா வீட்டுல யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாது, கூடப் பிறந்தவங்களும் சேர்த்து. நீங்க பி.இ. முடிச்சிருந்தா தங்கச்சிக்கு அது கிடையாது. "சும்மா சர்டிபிகேட் வாங்கிடலாம்"னு புரோக்கர் யாராவது சொன்னா கேட்காதீங்க. பொய் உறுதிமொழியில கையெழுத்துப் போடப் போறது உங்க அப்பா.

வருமானச் சான்றிதழும் அப்படித்தான். இ-சேவை விண்ணப்பத்துல குடும்பத்துல யார் யார் எவ்வளவு சம்பாதிக்கிறாங்கன்னு கேட்பாங்க. மாசம் 25,000 வாங்குற ஒருத்தர் ரேஷன் கார்டுல இருந்தா வருஷத்துக்கு 3 லட்சம். 2.5 லட்ச வரம்பு அங்கேயே தாண்டிடுது.

வரம்பு தாண்டலைன்னா மாநில பிசி, எம்பிசி உதவித்தொகைக்கும் போடுங்க. தமிழ்நாட்டு முஸ்லிம்கள்ல லெப்பை, ராவுத்தர், மரைக்காயர்னு பெரும்பாலானவங்களுக்கு பிசி முஸ்லிம் சான்றிதழ் கிடைக்கும். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை மூலமாவே உதவித்தொகை இருக்கு.

தாண்டிட்டா? இன்னும் மூணு இடம் பாக்கி. பிளஸ் டூ-வில அவங்க போர்டுல மேல இருக்கிற 20 சதவீதத்துக்குள்ள மார்க் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, என்எஸ்பி-யிலேயே மத்தியத் துறை உதவித்தொகை இருக்கு. டிகிரிக்கு வருஷம் 12,000. வேற உதவித்தொகை வாங்கினா இது கிடைக்காது. ரெண்டாவது புதுமைப்பெண், மாசம் 1,000. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்சிருக்கணும். அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. மிஷன் ஸ்கூல், முஸ்லிம் டிரஸ்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க பலர் இதுல வருவாங்க. பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது: டாம்கோ, தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம். தொழிற்படிப்புக்கு 20 லட்சம் வரை கல்விக் கடன். குடும்ப வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருந்தா வட்டி 3 சதவீதம். 8 லட்சம் வரை இருந்தா பெண்களுக்கு 5, ஆண்களுக்கு 8. அதாவது உங்க சம்பளத்தைச் சேர்த்த பிறகும் பல வீடுகள் இதுக்குள்ள வந்துடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம், 5 வருஷத் தவணை. பர்சனல் லோன் 14 சதவீதம்னு வச்சுக்கிட்டா வட்டி மட்டும் ஏறக்குறைய 79,000. 5 சதவீதத்துல அதே கடனுக்கு வட்டி சுமார் 26,500. வித்தியாசம் 50,000-க்கு மேல. ஆனா டாம்கோ பணம் பட்டன் அழுத்தின உடனே வராது. மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம், கூட்டுறவு வங்கின்னு அலையணும். அதனால ரிசல்ட் வந்த வாரமே ஆரம்பிங்க. முதல் தவணை ஃபீஸை மட்டும் சேமிப்பிலிருந்து கட்டிட்டு மீதிக்கு இதைப் பிடிக்கலாம்.

வரி பத்தி ஒரு வார்த்தை. "கல்விக் கடன் வட்டிக்கு 80-ஈ கழிவு கிடைக்கும்ல?"னு கேட்பீங்க. நீங்க, மனைவி அல்லது கணவர், பிள்ளைங்க, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், இவ்வளவுதான் அந்தப் பட்டியல். தம்பி தங்கச்சி அதுல இல்லை. புது வரி முறையில இருந்தா அந்தக் கழிவே கிடையாது. அதனால தங்கச்சி பேர்லயே கடன் வாங்குங்க. படிச்சு வேலைக்குப் போன பிறகு அவ கட்டுற வட்டிக்காவது பழைய முறையில கழிவு கேட்கலாம்.

கடைசியா, விண்ணப்பம் போட்ட பிறகு ரெண்டு இடத்துல பணம் நிற்கும். ஒண்ணு காலேஜ். அங்கே இருக்கிற நோடல் ஆபீசர் ஆன்லைன்ல சரிபார்த்து அனுப்பலைன்னா விண்ணப்பம் அப்படியே கிடக்கும், நேர்ல போய்க் கேளுங்க. இன்னொண்ணு பேங்க். பணம் ஆதார் இணைச்ச கணக்குக்குத்தான் போகும். ரெண்டு கணக்கு இருந்தா கடைசியா ஆதார் இணைச்சது எதுவோ அதுக்கு. தங்கச்சி ஸ்கூல்ல ஆரம்பிச்ச பழைய கணக்கு இன்னும் உயிரோட இருக்கான்னு இந்த சனிக்கிழமையே பேங்குக்குப் போய்ப் பார்த்துடுங்க.