ஜெர்மனியா, நெதர்லாந்தா? சம்பளத்திற்கு அப்பால் ஒரு கணக்கு

ஜெர்மனியும் நெதர்லாந்தும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். இரண்டிலும் யூரோவே நாணயம். இரண்டும் இந்தியப் பொறியாளர்களையும் மென்பொருள் வல்லுநர்களையும் பணிக்கு அமர்த்துகின்றன. இரு நாடுகளிலிருந்தும் பணி ஆணை பெறும் ஒருவர், ஆண்டுச் சம்பளம் எதில் மிகுதியோ அதைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆனால் கையில் நிற்கும் தொகையைத் தீர்மானிப்பதில் குடும்பத்தின் அமைப்புக்கும் பெரும்பங்கு உண்டு. அந்தக் கணக்கைப் படிப்படியாகக் காண்போம். இங்குள்ள தொகைகள் 2025ஆம் ஆண்டுக்குரியவை.

நுழைவுத் தகுதி

ஜெர்மனியின் நீல அட்டைக்குப் பொதுவாக அந்நாடு ஏற்கும் பட்டமும் 48,300 யூரோ ஆண்டுச் சம்பளமும் தேவை. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கு 43,759.80 யூரோ போதும். பணி ஆணை இல்லாதவர்களுக்காக 2024 ஜூனில் அறிமுகமான 'வாய்ப்பு அட்டை' மூலம், ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம். அதுவரையான செலவுக்குப் பணமிருப்பதைக் காட்ட வேண்டும்.

நெதர்லாந்தின் உயர்திறன் பணியாளர் திட்டத்தில் பட்டம் கட்டாயமன்று. ஆனால் பணியமர்த்தும் நிறுவனம் குடிவரவுத் துறையின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். மாதச் சம்பளம் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 4,171 யூரோ, மற்றவருக்கு 5,688 யூரோ இருத்தல் வேண்டும். சம்பளத்தில் 8 விழுக்காடான விடுமுறைப்படி இதில் சேராது. எனவே பணி ஆணையில் குறிப்பிட்ட தொகை அப்படியையும் உள்ளடக்கியதா என்று கேட்டறிவது நன்று.

வரியும் மருத்துவக் காப்பீடும்

அயல்நாட்டிலிருந்து வரவழைக்கப்படும் தகுதியுள்ள ஊழியருக்கு, சம்பளத்தில் 30 விழுக்காடு வரையிலான பகுதியை வரியின்றி வழங்க நெதர்லாந்து இடமளிக்கிறது. ஆண்டுச் சம்பளம் 80,000 யூரோ எனில், 24,000 யூரோவுக்கு வரியில்லை. இச்சலுகை அதிகபட்சம் ஐந்தாண்டுகளே கிடைக்கும். 2027 முதல் அதன் அளவு 27 விழுக்காடாகக் குறைகிறது. எனவே தொடக்க ஆண்டுகளின் நிகர வருமானத்தை நம்பி ஊரில் இருபதாண்டு வீட்டுக் கடனுக்குத் தவணை நிர்ணயித்தால், ஆறாம் ஆண்டில் நெருக்கடி உண்டாகலாம். சலுகையற்ற சம்பளத்தைக் கொண்டு தவணையைக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

ஜெர்மனியில் இத்தகைய சலுகை இல்லை. எனினும் அங்கே கணவன், மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டி, இரண்டாகப் பகுத்து வரி கணக்கிடும் முறை உண்டு. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்திற்கு இதனால் வரி கணிசமாகக் குறையும். அரசுசார் மருத்துவக் காப்பீட்டின் சந்தா சம்பளத்தில் சுமார் 17 விழுக்காடு. அதில் பாதியை நிறுவனம் ஏற்கும். வருமானமற்ற துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் சந்தாவின்றி அதிலேயே சேர்க்கப்படுவர்.

நெதர்லாந்தில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தனித்தனியே காப்பீடு எடுத்து, மாதம் சுமார் 160 யூரோ செலுத்த வேண்டும். மேலும் ஆண்டுக்கு முதல் 385 யூரோ வரையிலான சிகிச்சைச் செலவைப் பொதுவாக அவரவரே ஏற்க வேண்டும். குடும்ப மருத்துவரைக் காண்பது இதற்கு விலக்கு.

ஆகவே, ஒருவர் வருமானத்தில் வாழும் குடும்பத்திற்கு ஜெர்மனியும், தனியாகச் செல்பவருக்கும் இருவரும் பணிபுரியும் தம்பதியருக்கும் நெதர்லாந்தும் பெரும்பாலும் சாதகமாக அமையும். இரு நாடுகளிலும் இத்திட்டங்களில் செல்வோரின் துணைவர் பணிபுரியத் தடையில்லை. ஆனால் ஜெர்மனியில் பல பணிகளுக்கு ஜெர்மன் மொழி இன்றியமையாதது. ஆங்கிலம் மட்டும் அறிந்த துணைவருக்கு நெதர்லாந்து எளிது.

ஜெர்மனியில் முகவரியைப் பதிவு செய்யும்போது மதமும் கேட்கப்படும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்டு என்றோ பதிவாகும் கிறித்தவர்களுக்கு, வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு தேவாலய வரியாகக் கூடுதலாகப் பிடிக்கப்படும்.

ஊரிலுள்ள சேமிப்பு

இதுவே பலர் கவனியாத பகுதி. என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஆனால் ஜெர்மனியில் வசிப்பவர் உலகெங்கும் ஈட்டும் வருமானத்தை அங்கே தெரிவிக்க வேண்டும். இந்த வட்டியும் அதில் அடங்கும். நெதர்லாந்து, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட சேமிப்பு, முதலீடுகளின் மீது வருவாயை மதிப்பிட்டு வரி விதிக்கிறது; இந்தியாவிலுள்ள வைப்புகளும் பொதுவாக இதில் சேரும். இங்கே வரியில்லை என்பதால் அங்கும் இல்லை என்று கொள்ளலாகாது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவதற்குக் கிளையில் விண்ணப்பியுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி பிடிக்கப்படும். அயல்நாட்டுச் சம்பளத்தைச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது.

இரண்டாவது, இந்திய நிறுவனமே உங்களை அனுப்புகிறது எனில், வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் காப்புச் சான்றிதழ் பெறுங்கள். இரு நாடுகளுடனும் இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. இச்சான்றிதழ் இருந்தால் குறிப்பிட்ட காலம் வரை அங்கே ஓய்வூதியச் சந்தா செலுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, வாடகை முன்பணத்தை ஒதுக்கிவையுங்கள். ஜெர்மனியில் பராமரிப்புக் கட்டணம் நீங்கலாக மூன்று மாத வாடகை வரையிலும், நெதர்லாந்தில் இரண்டு மாத வாடகை வரையிலும் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது.

இறுதியாக, வரி, காப்பீடு, வாடகை, ஊருக்கு அனுப்பும் தொகை ஆகியவற்றை இரு நாடுகளுக்கும் தனித்தனியே எழுதி, முதல் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் மீதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பணி ஆணையில் கையொப்பமிடுவது அதன் பின்னரே இருக்கட்டும்.