சுவரில் ஒரு பென்சில் கோடு

ஏரல் பக்கம் எங்கள் ஊர். தாத்தா கட்டிய வீட்டின் வாசல் நிலைக்கு மேல் காரையில் 1936 என்று எழுதியிருக்கும். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் இடுப்பளவு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. "இனிமே இது தாங்காது, இடிச்சிட்டுக் கெட்டு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நானும் பாதி மனதோடு தலையாட்டியிருந்தேன்.

சித்திரையில் வீட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் யோசனை மாறியது. உள்ளே அரங்குச் சுவர்கள் காய்ந்து கிடந்தன. முன்னால் பட்டாசல் சுவர் மட்டும் தொட்டால் சில்லென்றிருந்தது. பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து, விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. இரண்டும் ஒரே சூளைச் செங்கல், ஒரே வெள்ளம் பார்த்தவை. அரங்கில் இருப்பது தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை. பட்டாசலில் இருப்பது 2011-இல் நான் கடன் வாங்கிப் பூசிய சிமெண்டும் அதன்மேல் அடித்த பிளாஸ்டிக் பெயிண்டும்.

வேலைக்கு வந்த கொத்தனார் எழுபதைத் தாண்டியவர். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கீழருந்து ஏறத்தான் செய்யும் தாயி. வெளிய போக வழி இருந்தா காஞ்சி போயிரும். நீங்க ரெண்டு பக்கமும் அடைச்சிட்டீங்க. அது மேல போயிட்டு இருக்கு" என்றார். 2011-இல் ஓதம் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. வெள்ளத்துக்கு முந்தின வருடமே அது நெஞ்சுயரம் வந்திருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஓதத்தை மறைக்கத்தானே சிமெண்டு பூசினேன்!

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்ப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. நான் சிறுமியாக இருந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. இப்போது ஒன்றுதான். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு பள்ளத்தில் நிற்கிறது. ஆகவே முதல் செலவு வீட்டுக்குள் இல்லை. முன்சுவரை ஒட்டி இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஓடிப்போக வாட்டம் வைத்தோம். உங்கள் வீட்டிலும் ஓதம் என்றால், பெயிண்ட் கடைக்குப் போகுமுன் ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் சிமெண்டுப் பூச்சை ஓதம் ஏறிய உயரத்துக்கும் மேலே இரண்டடி வரை கொத்தி எடுத்தோம். எடுத்தவுடன் பூசக் கூடாது. ஒன்றரையடிச் சுவர் காய வேண்டாமா? சித்திரையில் கொத்தியதை ஆடிக் காற்று முடியும்வரை அப்படியே போட்டுவைத்தேன். பார்த்தவர்கள் பணம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தார்கள். வாரம் ஒருமுறை பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி எடுப்பதுதான் என் வேலை. ஆரம்பத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடுகிறது.

சுண்ணாம்பு விஷயத்தில் அவசரம் ஆகாது. மூட்டையாகக் கடையில் கிடக்கும் பழைய வெள்ளைத்தூள் காற்றுப்பட்டுச் செத்திருக்கும். சூளையிலிருந்து கல்சுண்ணாம்பாக வாங்கி நீற்றிக்கொள்வது நல்லது. தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும், கண் போகும். நீற்றியதைத் தண்ணீருக்கடியில் ஒரு மாதம் ஊறவைத்தோம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பூசிய பிறகு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காத்தோம். அவசரக்காரக் கொத்தனார் என்றால் மறுநாளே 'வெடிப்பு விடுது, கொஞ்சம் சிமெண்டு சேர்ப்போம்' என்பார். அவரை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம்.

மட்டப்பாவிலும் இதே கதைதான். ஒழுகுகிறது என்று யாரோ ஒரு காலத்தில் மேலே சிமெண்டு கலவை போட்டிருந்தார்கள். அது வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீர் வெளியேற முடியாமல் அடியில் தங்கி, பனை விட்டங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் இரண்டை உளுக்க வைத்திருந்தது. நடுப்பகுதி வைரம் பாய்ந்து இரும்பாக இருந்தது. விட்டத்தின் நடுவைத் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், சுவரோரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முழு விட்டத்தையும் மாற்றவில்லை. இடித்த வீட்டு மரம் ஒன்றை வாங்கி, பக்கத்தில் சேர்த்து போல்ட் போட்டோம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஐந்து நாள் கட்டையால் அடித்தார்கள். அந்த ஐந்து நாளும் ஊர் எறும்பெல்லாம் எங்கள் மாடியில்தான்.

வயரிங், குளியலறை இரண்டிலும் பழமை பார்க்கவில்லை. மரப்பட்டைக்குள் ஓடிய பழைய வயர் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு, எர்த்தும் ஈஎல்சிபியும் வைத்தாயிற்று. குளியலறையைப் புறவாசலில் தனியாகக் கட்டினேன். பழைய சுவரில் குழாய்க்குக் காடி வெட்டவே விடவில்லை.

சதுரடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசாதீர்கள். கொத்தினால்தான் தெரியும் வேலைக்கு எவனால் விலை சொல்ல முடியும்? நாள் சம்பளம்தான் சரி. ஆறு லட்சம் என்று போட்ட கணக்கு பத்தரையில் நின்றது. இன்றும் வருத்தம் ஒன்று உண்டு. 2011-இல் முற்றத்து மர அழியைக் கழற்றி எடைக்குப் போட்டு, அலுமினிய ஜன்னல் வைத்தேன். அதே மாதிரி அழியைப் பழைய சாமான் கடையில் விசாரித்தேன். நான் வாங்கிய காசைப்போல நாற்பது மடங்கு சொன்னார்கள். வாங்கவில்லை.

வேலை ஆரம்பித்த நாளில் பட்டாசல் சுவரில் ஓதம் நின்ற உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லியிருந்தார் பெரியவர். புதுக்காரை மேல் அதே உயரத்தில் மறுபடி போட்டுக்கொண்டோம். போன ஐப்பசி மழையில் பார்த்தேன். ஈரம் கோட்டுக்கு ஒன்றரையடி கீழே நிற்கிறது. இன்னும் இரண்டடி பாக்கி.