பூனை வரக்கூடாத இடங்கள்: ரமணாசிரமம் பகுதி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை சமையல் மேடையிலும் பூஜையறையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை முறை இறக்கிவிட்டாலும் திரும்ப ஏறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு பூனை ஓரிடத்துக்கே திரும்பத் திரும்பப் போனால், அங்கே அதற்கு ஏதோ கிடைக்கிறது என்று பொருள். சமையல் மேடையில் பால் பொங்கிய வாடை இருக்கிறது. வீட்டையே பார்வையிடும் உயரம் இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இளஞ்சூடு தங்குகிறது. பூஜையறையில் நெய்த்திரியும் நைவேத்தியமும் இருக்கின்றன. பகலெல்லாம் ஆள் நடமாட்டமும் இல்லை. இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பூனையை மட்டும் விரட்டினால் பலன் கிடைக்காது.

முதலில் காரணத்தை நீக்க வேண்டும். பால், தயிர்ப் பாத்திரங்களை மூடி உள்ளே வைத்து, இரவு படுக்குமுன் மேடையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். அடுத்தது மாற்று இடம். பீரோவின் மேலோ ஜன்னல் திட்டிலோ பழைய போர்வையை மடித்துப் போட்டு, பூனை அங்கே ஏறும்போதெல்லாம் பிடித்த தீனியில் ஒரு துண்டு கொடுக்கலாம். மேடையைவிட உயரமான இடமாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகுதான் தடை. இருபக்கமும் ஒட்டும் டேப்பை அட்டைகளில் ஒட்டி, மேடை ஓரத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு வைத்திருக்கலாம். பாதத்தில் பிசுபிசுப்பு படுவதைப் பூனைகள் விரும்புவதில்லை. அலுமினியத் தாளை விரித்து வைத்தாலும் பல பூனைகள் விலகிப் போகும்.

அடிப்பதும் கத்துவதும் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். பூனை அந்தப் பயத்தை மேடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, அடித்த ஆளோடுதான் சேர்த்துப் பார்க்கிறது. ஆள் வெளியே போனதும் மீண்டும் ஏறும்.

பூஜையறைக்குக் கதவு இருந்தால் அதுவே சிறந்த வழி. இல்லையென்றால் விளக்கு எரியும் நேரத்திலாவது பூனையைத் தனியே விடக்கூடாது. வால் பட்டு அகல் கவிழ்ந்தாலே தீப்பிடிக்கலாம். கற்பூரம் பூனைக்கு நஞ்சு என்பதால் டப்பாவை இறுக மூடி வையுங்கள். இந்தப் பகுதி வீடுகளில் குரங்குக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். அந்தக் கம்பிகளின் இடைவெளி பூனைக்குத் தாராளம். உட்பக்கம் சிறு கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் இரண்டையும் தடுக்கலாம்.

கேள்வி: வீடு கட்ட இறக்கிய மணலைத் தெருப் பூனைகள் கழிப்பிடமாக்கிவிட்டன. ரோஜாத் தொட்டிகளையும் கிளறிப் போடுகின்றன.

பதில்: கழிவைத் தோண்டிப் புதைப்பது பூனையின் பிறவிக் குணம். பொலபொலவென்று உலர்ந்த மண் எங்கே இருந்தாலும் அங்கே போகும். வேலை முடிந்ததும் மணலைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிடுங்கள். தொட்டிகளில் மேல்மண் தெரியாதபடி கூழாங்கல்லோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ பரப்பலாம். பாத்திகளில் கோழிவலையை மட்டமாக விரித்து, மேலே ஒரு விரற்கடை மண் தூவினால் பூனையால் தோண்ட முடியாது. செடி வளரத் தடையும் இல்லை.

தோட்டத்தில் குப்பைமேனி முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூனைவணங்கி என்றும் அழைக்கப்படும் இந்தச் செடியின் வேரில் பூனைகளுக்குத் தனி மயக்கம். களை பிடுங்கும்போது வேரோடு பிடுங்கி அங்கேயே போட்டுவிட்டால் அக்கம்பக்கத்துப் பூனைகளை அழைத்த மாதிரி ஆகிவிடும். அதே ஈர்ப்பை நமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். தோட்டத்தின் கோடி மூலையில் கொஞ்சம் மணல் கொட்டி, பக்கத்தில் குப்பைமேனியை வளரவிட்டால், ரோஜாவை விட்டுவிட்டு அந்த மூலைக்குப் போக வாய்ப்பு அதிகம்.

பழைய இடத்தின் நாற்றத்தையும் போக்க வேண்டும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் பூனை அங்கேயே திரும்ப வரும். தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, வினிகர் கலந்த நீரை ஊற்றி, வெயிலில் காயவிடலாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் வாசனை பூனைக்குப் பிடிக்காதுதான். ஆனால் தோல் காய்ந்ததும் வாசனை போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கேள்வி: பாச்சை உருண்டை, பினாயில், மிளகாய்த் தூள் போட்டால் பூனை வராது என்கிறார்களே?

பதில்: இந்த மூன்றும் கூடவே கூடாது. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் பூனையின் சிவப்பணுக்களையும் கல்லீரலையும் சேதப்படுத்தக்கூடியது. மனிதக் கல்லீரல் எளிதில் வெளியேற்றிவிடும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் வெளியேற்ற முடியாது. அதற்குத் தேவையான நொதி அதனிடம் போதிய அளவு இல்லை. பினாயில் வகைத் திரவங்களும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனையின் உயிரையே பறிப்பது இதனால்தான். பினாயில் ஊற்றிய தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். தைலங்களும் அப்படியே, யூகலிப்டஸ் எண்ணெயைத் தெளித்து விரட்ட முயல வேண்டாம். மிளகாய்த் தூள் கண்ணிலும் மூக்கிலும் பட்டு வதைக்கும்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வதற்கும் நஞ்சு வைப்பதற்கும் ஊனப்படுத்துவதற்கும் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டுப் பூனையை வெளியே விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. இது முதல்முறை தொற்றிய பூனையின் மலத்தில் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை வெளியேறும். வெளியேறியவுடன் அது தொற்றாது. அதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து பெருமளவு குறையும். அந்த வேலையை மகள் செய்யக்கூடாது, வேறொருவர் செய்ய வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் வழியாகவும் இது தொற்றும் என்பதால் அவற்றிலும் கவனம் தேவை.

குழந்தை பிறந்த பிறகு தூளி, தொட்டில் பக்கம் பூனை போகக்கூடாது. கதகதப்பைத் தேடிப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். குழந்தை வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அந்த அறையைப் பூட்டிப் பழக்கிவிடுங்கள். குழந்தை வந்த அன்று திடீரென்று விரட்டினால் மிரண்டுபோய், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். பிராண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனையிடமிருந்தும் வெறிநோய் தொற்றும்.

கேள்வி: தெருப் பூனைகளைப் பிடித்து கிரிவலப் பாதையில் எங்காவது விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. இடம் மாறிய பூனை பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டு வழியில் வண்டியில் அடிபடும். இல்லையென்றால் நாய்களிடம் சிக்கும். காலியான தெருவுக்கு வேறு பூனை வந்துசேரும். தொல்லை அப்படியே இருக்கும்.

ரமணாசிரமத்துக்குள் பசு லட்சுமிக்கும் மான் வள்ளிக்கும் நாய் ஜாக்கிக்கும் ஒரு காகத்துக்கும் சமாதிகள் இருக்கின்றன. 1948 ஜூன் 18 அன்று லட்சுமியின் கடைசி நேரத்தில் பகவான் ரமணர் அருகிலேயே இருந்தார். விலங்குகளை அவ்வளவு மதித்த இடத்தைச் சுற்றி வாழ்பவர்கள் பூனைக்கும் பாதுகாப்பான தீர்வையே தேட வேண்டும்.

நிலையான தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சைதான். பெண் பூனை நான்கு மாத வயதிலேயே சினைப்படக்கூடும். சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தால் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் இரவுச் சண்டையும் பெரும்பாலும் குறையும்.

நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே வாடகைக்குத் தங்கும் வெளியூர், வெளிநாட்டு அன்பர்கள் பலர் பூனைகளுக்குச் சோறு வைக்கிறார்கள். அவர்கள் கிளம்பியதும், பழகிய பூனைகள் பசியோடு பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைகின்றன. வீட்டு உரிமையாளர்கள் இதை முன்கூட்டியே அவர்களிடம் பேசலாம். சோறு வைக்கும் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, போகும்போது தெருவில் யார் பொறுப்பேற்பது என்று முடிவு செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சாப்பாட்டை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட்டால் மற்ற வீட்டுவாசல்களில் பூனைகள் காத்துக் கிடப்பதும் குறையும்.