படகு கிளம்பும் அந்த நொடி

மின்னசோட்டாவில் கோடை வந்தால் ஏரிக்கு ஏரி வாட்டர் ஸ்கீயிங்தான். விளையாட்டே இங்கே பிறந்ததாயிற்றே! 1922இல், லேக் சிட்டியை ஒட்டிய பெப்பின் ஏரியில், 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன் பைன் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி அதன் பின்னால் எழுந்து நின்றார். பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே, உடம்பு பின்சாய்வாக: பலமுறை விழுந்து அவர் கண்டுகொண்ட இதுவே இன்றும் முதல் பாடம்.

புதியவர்களுக்கு வேகத்தின் மேல்தான் பயம். ஆனால் நான் பார்த்த மோசமான காயங்கள் கிளம்பும்போது பட்டவை. படகு இழுத்ததும் எழுந்துவிடும் அவசரத்தில் முழங்காலை நீட்டிவிடுவார்கள். கால் நீண்டு, இடுப்பு முன்னால் மடிந்தால் தொடையின் பின்தசை தாங்காது. உட்காரும் எலும்பிலிருந்தே பிய்ந்து வரலாம். நண்பர் ஒருவருக்குத் தண்ணீருக்குள் ‘டப்’பென்று கேட்டதாம். இரண்டொரு நாளில் தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு.

முழங்கால் நெஞ்சோரம், கை நேராக, குந்தியபடியே இருங்கள். படகு தானே தூக்கிவிடும். இரட்டைப் பலகைக்கு மணிக்கு 30, 35 கி.மீ. தாராளம்.

கயிறு விறைக்கும்வரை படகு ஊர்ந்துதான் போக வேண்டும். தொய்ந்த கயிறு விரலில் சுற்றியிருக்கும்போது படகு பாய்ந்தால் விரல் போய்விடும். தடுமாறினால் கைப்பிடியை உடனே விட்டுவிடுங்கள்.

கூச்சப்பட்டு யாரும் சொல்லாத ஒன்று: நியோபிரீன் கால்சட்டை போடுங்கள். பின்புறமாக விழும் வேகத்தில் ஆசனவாய், பிறப்புறுப்பு வழியே தண்ணீர் பீய்ச்சி உள்ளே கிழித்துவிடும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். லைஃப் ஜாக்கெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படகோட்டி முன்னால் பார்க்க, பின்னால் பார்க்க இன்னொருவர் வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக. விழுந்தவர் தலைக்கு மேல் கைகளைக் கோத்துக் காட்டினால் நலம். காத்திருக்கையில் ஒரு பலகையை நிமிர்த்திப் பிடித்தால் மற்ற படகுகளுக்குத் தெரியும்.

என்ஜினை அணைத்த பிறகே படகில் ஏற வேண்டும். நியூட்ரலிலும் புரொப்பல்லர் சுற்றக்கூடும். “நியூட்ரல்லதான் இருக்கு, ஏறுங்க” என்று அவசரப்படுத்துகிற படகோட்டியோடு நான் மறுபடி போவதில்லை.